பதினாலு தரம் வந்த ஒரு சஹன்

நஸீர் நானாவின் வலீமா விருந்தன்று எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள்: வாப்பா, உம்மா, புதுமாப்பிள்ளையான என் அண்ணன் நஸீர் நானா, சமையல்காரர் காதர் காக்கா, எங்கள் ஊர் எத்தாளையில் பாதிப் பேர், மாம்புரியிலிருந்து வந்த பெண் வீட்டார், நான், பிறகு தீவிலிருந்து வந்த எண்பத்து நான்கு பேர். இல்லாதவர்கள்: ஒருவருமில்லை. வர வேண்டிய எல்லோரும் வந்திருந்தார்கள். அதுதான் பிரச்சினை. இல்லாமல் போனது சோறு.

இதை முதலிலேயே எழுதிவிடக் காரணம், எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையைச் சொல்கிற ஒருவரும் அதை ஒழுங்காகச் சொல்வதில்லை. பெரிய மாமி சொல்லும்போது நூற்றைம்பது பேர் வருகிறார்கள். நானா சொல்லும்போது நான் தென்னை மரத்தில் ஏறி ஒளிந்துகொள்கிறேன். (ஏறியது உண்மை. ஒளியவில்லை.) எல்லோரும் ஒற்றுமையாகச் சொல்கிற பொய் ஒன்று இருக்கிறது: "இவன்ட பெட்டி பிழைச்சுப் போச்சு." பெட்டி பிழைவிடவில்லை. பிழைவிட்டது யார் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஒரு அப்பாவிப் பெட்டியின் மேல் பழி போடுவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். வாப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். நானா ஆறாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். ஆகவே வீட்டுக்கு வருகிற கடிதம், கரண்ட் பில், மருந்துச் சீட்டு எல்லாம் என் கைக்குத்தான் வரும். "அவன் படிச்சவன், அவன்ட கேளுங்க" என்று வாப்பா ஊருக்கே சொல்லி வைத்திருந்தார். ஒரு தடவை ஒருவர் தன் ஆட்டுக்கு வயிறு ஊதியிருக்கிறது என்று என்னிடம் கேட்க வந்தார். நானும் யோசித்துப் பதில் சொன்னேன். (ஆடு பிழைத்தது. அது என் படிப்பினால் அல்ல.) இருபத்து மூன்று வயதில் இவ்வளவு மரியாதை கிடைத்தால் அது நேராகத் தலைக்குத்தான் போகும்.

ஆலங்குடாவில் ஒரு சிறிய ஹோட்டலில் வைஃபை பார்ப்பது என் வேலை. காற்றில் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடல் மேல் ஓடுகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்குமிடம் அது. அவர்களில் ஒருவர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டியை நெஞ்சில் கட்டிக்கொண்டு கடலில் இறங்குவார். கேட்டேன், விளக்கினார். சிம் வேண்டாம், கோபுரம் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம். ஒரு பெட்டி சின்னச் செய்தியொன்றைக் காற்றில் விடும். அதைக் கேட்ட பெட்டி அடுத்த பெட்டிக்குச் சொல்லும். அது அதற்கடுத்ததற்குச் சொல்லும். எங்கள் ஊரில் பெண் பார்க்கப் போன செய்தி பரவுவதும் இந்த முறையில்தான் என்பதால் எனக்கு உடனே விளங்கிவிட்டது. மெஷ் ரேடியோ என்று பெயர். மூன்று மாதம் மிச்சம் பிடித்து நானும் மூன்று பெட்டி வாங்கினேன்.

ஒன்று எங்கள் வீட்டில். இன்னொன்று பின் வளவுத் தென்னையின் உச்சியில், உள்ளங்கையளவு சோலார் தகட்டோடு, ஐஸ்கிரீம் டப்பாவுக்குள். (அந்தத் தென்னையில் குரும்பை கொட்டுவதற்கு என் பெட்டிதான் காரணம் என்று உம்மா இன்றைக்கும் சொல்கிறார். பக்கத்து வளவில் பெட்டியே இல்லாத தென்னையிலும் குரும்பை கொட்டுகிறது. அதைப் பற்றிக் கதைக்க ஆளில்லை.) மூன்றாவது பெட்டி தீவுக்குப் போனது.

தீவு என்று எங்கள் ஆட்கள் சொல்வது, சீசனுக்குப் போய் வாடி போட்டுத் தங்கி மீன் பிடிக்கிற ஒரு மணல் திட்டை. வாடி என்றால் ஓலைக் குடிசை. அங்கே பதினாலு வாடி. வாடிக்கு ஆறு பேர். ஒன்றாகக் கடலுக்குப் போய், ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சண்டை பிடிப்பவர்கள். முஸ்லிம் வாடியும் கத்தோலிக்க வாடியும் கலந்து கிடக்கும். போனுக்குச் சிக்னல் கிடையாது. உம்மாவின் தம்பி ஜவ்பர் மாமாவும் அதில் ஒரு வாடியின் ஆறாவது ஆள்தான், ஆனால் மீன் பிடிக்க மாட்டார். தேத்தண்ணிக் கடை போட்டிருந்தார். அந்தக் கடைத் தூணில்தான் பெட்டியைக் கட்டினேன்.

மாமாவுக்கு எழுதி அனுப்ப வராது. பெட்டியின் நகம் அளவு திரையில் தமிழும் வராது. சதுரம் சதுரமாகக் காட்டும். (இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதும் அளவுக்கு எனக்குக் கோபம் இருக்கிறது.) ஆகவே தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, சில செய்திகளை முன்கூட்டியே உள்ளே போட்டுக் கொடுத்தேன். 'போட் வருது.' 'ஐஸ் அனுப்பு.' 'காத்து கூட.' பொத்தானை அமத்தி அமத்தி வேண்டிய செய்தியில் நிறுத்தி, ஒரு தரம் அழுத்திப் பிடித்தால் போய்விடும். எங்களுக்குக் கிடைத்துவிட்டது என்றால் அவர் திரையில் ஒரு டிக் விழும்.

முதல் மாதமே ஐஸ் விவகாரம் வந்தது. மாமா 'ஐஸ் அனுப்பு' என்று அமத்தினார். எங்களுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் "கிடைத்தது" என்று எங்கள் பெட்டி திருப்பி அனுப்பிய டிக் வழியில் எங்கேயோ தொலைந்துபோனது. இது நடக்கக் கூடியதுதான். மாமா திரையைப் பார்த்தார், டிக் இல்லை, திரும்ப அமத்தினார். இப்படி ஆறு தரம். நான் வாப்பாவிடம் ஓடிப் போய், "ஐஸ் அனுப்பட்டாம், ஆறு தரம் வந்திரிக்கி" என்றேன். வாப்பா ஆறு தரத்துக்கும் ஆறு சுமை ஐஸ் ஏற்றி அனுப்பினார். தீவுக்குத் தேவைப்பட்டது ஒன்று. மற்ற ஐந்தும் மணலில் கிடந்து உருகிக் கடலில் சேர்ந்தன.

போட்டுக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க வாப்பா என்னிடம் கேட்டார்:

"ஒரே ஆள், ஒரே வார்த்த. ஆறு தரம் வந்தா ஆறு சுமையா? படிச்சவன் நீ, அது ஒண்டுதாண்டு ஒனக்கு வெளங்காதா?"

நெஞ்சில் தைத்தது. அன்றைக்கே என் அப்பியாசக் கொப்பியில் சிவப்பு மையால் எழுதி அடிக்கோடிட்டேன்: ஒரே பெட்டி, ஒரே வார்த்தை என்றால் ஒரே செய்தி. (இந்தச் சட்டத்தை இயற்றியவர் வாப்பா என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கதை சொல்லும்போது எவரும் இந்த இடத்துக்கு வருவதில்லை.)

பிறகு நானாவுக்குக் கலியாணம் நிச்சயமானது.

எங்கள் விருந்தில் சாப்பாடு சஹனில்தான். பெரிய தாம்பாளத்தில் புரியாணியைக் குவித்து, இறைச்சி, கோழி, கத்தரிக்காய், மாசிச் சம்பல் எல்லாம் மேலே வைத்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுவார்கள். ஐந்து பேர்தான் இருக்கிறார்கள் என்றால் ஆறாவது ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து உட்கார்த்துவார்கள். ஆகவே கலியாண வீட்டில் தலையை எண்ணுவதில்லை, சஹனை எண்ணுவோம்.

தீவுக்குப் பதினாலு சஹன் என்பது வாப்பாவுக்கு வெறும் எண்ணிக்கை அல்ல. நாலு வருடத்துக்கு முன் அவருடைய போட் எஞ்சினைக் கடல் கொண்டுபோனபோது, பதினாலு வாடியும் ஒவ்வொரு நாள் மீனை ஒதுக்கி விற்று அவருக்கு வேறு எஞ்சின் எடுத்துக் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுக்கப் போனார், ஒருவரும் வாங்கவில்லை. "மூத்தவன்ட கலியாணத்துல ஒரு சஹன் வைங்க காக்கா, போதும்" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வாப்பா நானாவுக்குப் பெண் தேடிய வேகத்தைப் பார்த்தால், தேடியது பெண்ணையா அல்லது அந்த விருந்தையா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

அழைப்பைச் சொல்ல வாப்பாவே போட்டில் போனார். பதினாலு வாடியிலும் குனிந்து நுழைந்து, பதினாலு இடத்தில் தேத்தண்ணி குடித்து, பதினாலு தரம் சொல்லிவிட்டு வந்தார். வருகிறோமா இல்லையா என்பதை அவர்கள் கடலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதைக் கேட்க வாப்பா இன்னொரு தரம் போவதாக இருந்தது. நான் விடவில்லை.

"என்னத்துக்கு வாப்பா பெற்றோல் செலவு? பெட்டி ஈக்கித்தானே."

தீவிலிருந்த பெட்டியை ஐஸ் போட்டில் வரவழைத்து, அதற்குள் புதுச் செய்திகள் போட்டேன். 'ஒரு சஹன் வாறோம்' என்பதிலிருந்து 'பதினாலு சஹன் வாறோம்' என்பது வரை பதினாலு. கடைசியில் 'ஒருத்தரும் வர ஏலா'. அடுத்து ஐஸ் ஏற்றிப் போகும் போட்டில் பெட்டியைத் திரும்பக் கொடுத்தனுப்பி, மாமாவுக்குச் சொல்லியும் அனுப்பினேன்: எல்லா வாடியிலும் கேட்டு, மொத்தத்தைக் கூட்டி, ஒரேயொரு செய்தியாக அனுப்ப வேண்டும். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனால் ஒரு ஏற்பாட்டைச் செய்ய முடியுமா?

திங்கட்கிழமை காலை வாப்பா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பெட்டி கீச்சென்றது.

"என்ன மகன் செல்றாங்க?"

"ஒரு சஹன் வாறாங்களாம்."

"ஒண்டா?"

"ஒண்டு வாப்பா."

வாப்பா வலைக்குத் திரும்பினார். அரை மணி கழித்து மறுபடியும் கீச்சென்றது. அதே வார்த்தை. வாப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்ப ரெண்டு சஹனா?"

"இல்ல வாப்பா. ஐஸ் மாதிரித்தான். டிக் விழல்ல, மாமா திரும்ப அமத்துறார்."

பகலுக்குள் ஐந்து தரம் வந்தது. பின்னேரம் மூன்று தரம். செவ்வாய்க்கிழமையும் ஓயவில்லை. ஒன்பதாவது தரம் வந்தபோது வாப்பா ஊசியைக் கீழே வைத்தார்.

"ஒம்பது தரமா ஒருத்தன் அமத்துவான்?"

"ஐஸுக்கு ஆறு தரம் அமத்தின ஆள்தானே அவர்."

"மகன், இது வேற மாதிரி ஈக்கி போல."

நான் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று பெட்டிகளையும் மூன்று வட்டமாக வரைந்து, செய்தி போகும் பாதையை ஒரு அம்பாகவும் டிக் வரும் பாதையை இன்னொரு அம்பாகவும் போட்டு, டிக் தொலைகிற இடத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடியும் போட்டு விளக்கினேன். வாப்பா நெடுநேரம் பார்த்தார்.

"இதுல தீவு எது?"

காட்டினேன்.

"அப்ப கடல் எங்க?"

கடலை நான் வரையவில்லை. தேவையில்லை என்றேன். அவர் ஊசியை மறுபடி கையில் எடுத்தார்.

அன்று பகல் அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். "வாடிக்கு வாடி போய்ச் சொன்ன மனிசன்" என்று உம்மா குசினிக்குள்ளிருந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். எனக்கும் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் நின்று, "இப்ப மீன் நல்லா விழுகுதாம் வாப்பா, விட்டுட்டு வர ஏலாதானே" என்று ஆறுதல் சொன்னேன்.

"எனக்கு எஞ்சின் எடுத்துத் தந்த நேரமும் மீன் விழுந்ததுதான்" என்றார்.

(இந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு போட்டைப் பிடித்துத் தீவுக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். ஆனால் படித்தவன் அம்பைத்தான் நம்புவான்.)

புதன்கிழமை காலை பதினாலாவது தரமும் வந்தது. என் பொறுமை போய்விட்டது. மாமாவுக்குப் பதில் அனுப்பினேன்: 'கிடைத்தது. கணக்குச் சரி. இனி அமத்த வேண்டாம்.' அவரும் நிறுத்திவிட்டார். நான் சொன்னதுதான் சரி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சமையல்காரர் காதர் காக்காவிடம் நானே போனேன்.

"ஊருக்கு நாப்பது, தீவுக்குப் பதினாலு எண்டாரே வாப்பா?"

"அது பழைய கணக்கு காக்கா. தீவுக்கு ஒண்டு போதும்."

"நாப்பத்தொண்டா? கையில ரெண்டு கூட வச்சுக்கொள்ளுவம். நாப்பத்து மூணு."

உம்மாவுக்கு மனது ஆறவில்லை. "அரிசியாச்சும் கொஞ்சம் கூடப் போடுவம் மகன். மிஞ்சினா அக்கம்பக்கத்துக்குக் குடுப்பம்."

"வீண்விரயம் கூடாது உம்மா. மார்க்கத்துலயே ஈக்கி."

(உம்மாவை எதிர்த்துக் கதைக்கக் கூடாது என்றும் மார்க்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் அன்று திறக்கவில்லை.)

வலீமா நாள். பகல் லுஹர் தொழுது முடிந்து, நாற்பது சஹனும் பாயில் இறங்கி, ஊரார் பிஸ்மி சொல்லிக் கை வைத்துப் பாதி சாப்பிட்டிருப்பார்கள். களப்புப் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. ஒரு எஞ்சின் அல்ல. எங்கள் வீட்டிலிருந்து களப்புக் கரை தெரியும். நான் எட்டிப் பார்த்தேன். வரிசையாகப் போட்டுகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சட்டையும் புதுச் சாரமுமாக ஆட்கள். பதினாலு போட்.

வாப்பா பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. "வந்துட்டாங்க! நஸீர்ட உம்மா, வந்துட்டாங்க!" என்று, கட்டியிருந்த புதுச் சாரத்தோடு முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி, வந்த போட்டையெல்லாம் கையால் பிடித்து இழுத்தார். ஒவ்வொருவராகக் கட்டிப் பிடித்தார். மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடாத மனிதன் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். ஏழெட்டுப் பேரைக் கட்டிப் பிடித்த பிறகு, கைகள் அப்படியே நிற்க, மெதுவாகக் கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார்.

முதல் வந்த போட்டிலிருந்து சூசை அண்ணன் இறங்கினார். கத்தோலிக்க வாடி ஒன்றுக்குப் பெரிய ஆள். கையில் ஐஸில் வைத்த பெரிய பாரை மீன். வாடிக்கு ஒன்றாகப் பதினாலு மீன் அன்பளிப்பு.

"காக்கா, எங்கட வாடி ஒரு சஹன். நானே வந்து அமத்தினன்!"

பின்னால் வந்தவர்: "நானும் நானேதான் அமத்தினன்!"

அதற்குப் பின்னால் வந்தவரும். பதினாலு பேரும் பெருமையாகச் சொன்னார்கள். நான் மாமாவைத் தேடிப் பிடித்தேன்.

"மாமா! மொத்தத்தக் கூட்டி ஒண்டா அனுப்பச் சொன்னன்தானே!"

"சொன்னன் மருமகன். ஒருத்தனும் கேக்கல்லியே. 'எனக்குச் சொன்ன கலியாணம், வாறன் எண்டு நான்தான் செல்லோணும், நீ யாரு செல்ல'ண்டு சண்டைக்கி வந்துட்டானுங்க. சூசை அண்ணன் தீவுட அந்தத் தொங்கல்லயிருந்து மணல்ல நடந்து வந்து அமத்திட்டுப் போனார்." பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பதினாலு பேரும் அமத்தி முடிஞ்ச ஒடன நீங்கதானே 'கணக்குச் சரி' எண்டு அனுப்பின? தீவே மாஷா அல்லாஹ் எண்டிச்சு. 'பார்த்தீங்களா, பொடியன் சரியா எண்ணிட்டான்'ண்டு நான் எல்லாருக்கும் தேத்தண்ணி குடுத்தனே."

கலியாணம் சொல்லப்பட்டவர் தன் வாயால்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் பெட்டியில் சொல்வதும் அதே மரியாதைக்குள் வரும் என்று எண்பத்து நான்கு மீனவர்களுக்கு விளங்கியது, உயர்தரம் படித்த எனக்கு விளங்கவில்லை.

இதற்குள் நானா, மாப்பிள்ளைக் கதிரையிலிருந்து எழும்பி வந்து, பெண் வீட்டாருக்குக் கேட்கும்படி, "இவன்ட பெட்டி பிழைச்சுப் போச்சு" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், அதைச் சொல்லக் கூடாது. விருந்துச் சட்டையோடு பின் வளவுத் தென்னையில் ஏறினேன். உச்சிக்குப் போய் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து, கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன்:

"பச்ச லைட் மின்னுது! எல்லாரும் பாருங்க! பதினாலும் வந்து சேந்திரிக்கி! ஒண்டும் விடுபடல்ல!"

எண்பத்து நான்கு பசித்த முகங்கள் அண்ணாந்து பார்த்தன. யாரோ ஒருவர் கேட்டார்:

"தம்பி, மேல சோறு ஈக்கா?"

இறங்கி வந்தபோது மிச்சமிருந்த மூன்று சஹனையும் வாப்பா தீவுப் பெரியவர்கள் முன்னால் வைத்து, உட்காரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். சூசை அண்ணன் தாம்பாளத்தைக் கையால் தள்ளினார்.

"திண்டா எல்லாரும். இல்லாட்டி ஒருத்தரும் இல்ல. இத பிள்ளையளுக்குக் குடுங்க காக்கா."

நாலு வருடமாகக் காத்திருந்த நாள் வாப்பாவின் கையில் மூன்று தாம்பாளமாக நின்றது. அந்த நேரத்தில் பேசியவர் காதர் காக்காதான். அவர் என்னையோ வாப்பாவையோ பார்க்கவில்லை. திண்ணையில் வரிசையாகக் கிடந்த பதினாலு பாரை மீனையும் பார்த்தார்.

"மீன் ஈக்கி. அடுப்பு ஈக்கி. ஆராச்சும் பாண் எடுத்துட்டு வாங்க."

ஆராச்சும் என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நானாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எத்தாளையிலிருந்து கற்பிட்டி வரை ஒரு பேக்கரி விடாமல் ஏறி இறங்கினேன். அறுபது இறாத்தல் பாண். பின் சீற்றில் ஒரு மூட்டை, முன்னால் பெற்றோல் தொட்டியில் ஒரு மூட்டை, கழுத்தில் ஒரு மூட்டை. திரும்பி வந்தபோது மீன் பொரிகிற மணம் ரோட்டுக்கே வந்துவிட்டது. உம்மாவும் மாமிமாரும் தேங்காய் துருவிச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது தேங்காய். (என் தென்னையிலிருந்து பறித்ததும் அதில் உண்டு. பெட்டி வைத்த தென்னை காய்க்காது என்று சொன்னவர்கள் கவனிக்கவும்.)

தீவார் பதினாலு வட்டமாக, வாடிக்கு வாடி, வெறும் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் புரியாணிக்குப் பதிலாகப் பாண், அதன் மேல் அவர்களே பிடித்து அவர்களே கொண்டுவந்த மீன். காலையிலும் மாலையிலும் தீவில் தின்கிற அதே பாணும் அதே பாரையும்.

"என்ன மச்சான், வாடிச் சாப்பாடு மாதிரியே ஈக்கி?"

"இங்க ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டிரிக்காங்க. வித்தியாசம் வெளங்கல்லியா?"

பெண் வீட்டார் சிரிப்பை அடக்கிக்கொண்டு தங்கள் முன்னாலிருந்த வட்டலப்ப இனிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது மதினி திரைக்குப் பின்னாலிருந்து முதன்முதலாக என்னைப் பார்த்தது அப்போதுதான். என்னை இன்றுவரை அவர் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார்.

அன்றிலிருந்து இந்தக் கரையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெயர்: வந்தவன் கொண்டுவந்த மீனையே பொரித்துக் கொடுத்த வலீமா வீடு. எங்கள் சொந்தத்தில் எந்தக் கலியாணம் நடந்தாலும் தீவிலிருந்து வருகிறவர் ஒருவர் கையில் ஒரு மீனோடுதான் வருவார். வாசலில் என்னைக் கண்டதும் அதைக் கையில் தந்து, "எதுக்கும் ஈக்கட்டும் தம்பி" என்பார். நான் சிரிக்க வேண்டும். சிரிக்கிறேன். இந்த நாட்டில் நியாயம் பேசுகிறவனுக்குக் கிடைப்பது மீன்தான்.

ஆனால் வாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போட் ஏறும்போது சூசை அண்ணன் அவர் தோளில் கை வைத்து, "நல்லாச் சாப்பிட்டம் காக்கா, குறையொண்டும் இல்ல" என்றார். வாப்பா தலையை ஆட்டினார். "மீன் சாப்பிட்டீங்க சூசை. சஹன் சாப்பிடல்ல." அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் தீவுக்கு இரண்டு போட்டில் சமையல் கிடாரம், விறகு, அரிசி, இரண்டு ஆடு, கோழிகள், தாம்பாளங்கள், காதர் காக்கா, வாப்பா, நானா, நான். சாமான் கணக்கை வாப்பா என்னிடமே தந்தார். ("படிச்சவன் நீதானே" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் எனக்கு ஆட்சேபனை உண்டு.) இந்தத் தரம் நான் அம்பு எதுவும் வரையவில்லை. பதினாலு வாடி, பதினாலு சஹன். மூன்று தரம் எண்ணினேன். காதர் காக்காவை எண்ணச் சொன்னேன். மாமாவையும் எண்ண வைத்தேன். மணலில் பாய் விரித்துப் பதினாலையும் நானே தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் வைத்தேன். எண்பத்து நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர் கூடவில்லை, ஒருவர் குறையவில்லை. வாப்பா வட்டத்துக்கு வட்டம் போய், இறைச்சித் துண்டுகளைத் தன் கையாலேயே அவரவர் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு நடந்தார். அந்த முகத்தைப் பார்த்து நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு கணக்கு முழுதாகச் சரி வந்திருந்தது.

அப்போதுதான் நானா என் பக்கத்தில் வந்து நின்று, வெறும் கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எங்களுக்கு?"

வாப்பா, நானா, காதர் காக்கா, நான். நாலு பேரை எண்ணவில்லை.

ஒரு சஹனில் ஏழாவது ஆள் உட்காருவது எங்களிடம் இல்லாத பழக்கம். சூசை அண்ணன் ஒரு கையால் மணலைத் தட்டி, தன் பக்கத்தில் இடம் விட்டார்.

"குந்துங்க தம்பி. கணக்கு உங்களுக்கு வராது எண்டு தெரிஞ்சுதான் நாங்க மெதுவாத் திண்டனாங்க."

வாப்பாவை ஒரு வாடி இழுத்தது, நானாவை இன்னொன்று, காதர் காக்காவை மூன்றாவது. வாப்பா அன்று வயிறு நிறையச் சாப்பிட்டார். நான் சூசை அண்ணனின் முழங்கையில் இடித்துக்கொண்டு, கோபத்தோடும் நல்ல பசியோடும் சாப்பிட்டேன்.

ஆகக் கடைசியில் எங்களுக்கு ஆன மேலதிகச் செலவு: வலீமாவன்று பாணும் சம்பலும் பன்னிரண்டாயிரத்து நானூறு, தீவில் பதினாலு சஹன் ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரம், இரண்டு போட்டுக்கும் எண்ணெய் பதின்மூவாயிரத்து எழுநூற்றைம்பது. எல்லாமாக ஒரு லட்சத்து எழுபத்து மூவாயிரத்து நூற்றைம்பது ரூபாய். பெட்டி திருத்திய வகையில் செலவு எதுவுமில்லை. திருத்த அதில் ஒன்றுமே இருக்கவில்லை.